பதினான்காம் பக்கத்து மிளகாய்

சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சிப் புத்தகம் போடுகிற தொழிலில் ஒரு பெரிய வசதி, புத்தகம் தப்பாக இருந்தாலும் முட்டை மார்க் பிள்ளைக்குத்தான் விழும், போட்டவருக்கு விழாது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை திருநெல்வேலியில் முதுகலை மாணவி. சனி, ஞாயிறு கோவில்பட்டியில் ஓர் அச்சகத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யு.கே.ஜி. பிள்ளைகளுக்காக ஆப்பிளும் ஆட்டுக்குட்டியும் வரைகிறவள். 'வட்டமிடு', 'பொருத்துக', 'வண்ணம் தீட்டு' என்று கட்டளை போட்டுப் போட்டு, வீட்டிலும் அதே தோரணையில்தான் பேசுகிறேன் என்று அம்மா புகார் சொல்கிறாள். உங்களில் டீச்சர்கள் இருப்பீர்கள். 'நாளைக்கு சார்ட் கொண்டு போகணும்' என்று பிள்ளை சொன்னதும் ஸ்கெட்ச் பேனா வாங்கக் கடைக்கு ஓடிய அப்பா அம்மாக்கள் இருப்பீர்கள். 'இலைக்குப் பச்சை அடிக்கத் தெரியாதா?' என்று ஒரு தடவையாவது ஒரு பிள்ளையை அதட்டியிருப்பீர்கள். ஆகவே நான் சொல்லப்போகும் பாவத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

நான் ஜெயித்த சண்டை

அச்சக முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். பழைய யு.கே.ஜி. புத்தகத்தை அவர் கறுப்பு மையில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து வயதுப் பிள்ளை கையில் கருமாதிப் பத்திரிகை மாதிரி ஒரு புத்தகமா? பட்டணத்துப் பிள்ளைக்கு வழவழத் தாளில் வானவில், விளாத்திகுளத்துப் பிள்ளைக்கு வெறும் கறுப்பா? சமத்துவம், குழந்தை உளவியல், நிறமே குழந்தையின் முதல் மொழி என்று ஒரு வாரம் விடாமல் பேசினேன். கடைசியில் அண்ணாச்சி நான்கு வண்ணத்துக்குச் சம்மதித்தார். என் வாதம் பிடித்துப்போய்ச் சம்மதித்தாரா, காது வலித்துச் சம்மதித்தாரா என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

அந்தப் புத்தகத்தில் என் பெருமைக்குரிய பக்கம் பதினான்கு. ஒரு செடி, அதில் இருபது மிளகாய், எட்டு சிவப்பு, பன்னிரண்டு பச்சை. கீழே கேள்வி: 'சிவப்பு மிளகாய்களுக்கு வட்டமிட்டு, எண்ணி எழுது.' ஒரே ஒரு மிளகாயை ஆசையாக வரைந்து, அதையே இருபது முறை ஒட்டி, நிறத்தை மட்டும் மாற்றினேன். சிவப்பு கண்ணைக் குத்தாமலும் பச்சை மங்கிப்போகாமலும் இரண்டும் ஒரே அளவு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தேன். பல்கலைக்கழகத்தில் காட்டிப் பாராட்டும் வாங்கினேன். நாகலாபுரத்துப் பக்கம் சொந்தமாக மிளகாய்க் காடு வைத்திருக்கிற அண்ணாச்சி மட்டும் அச்சடித்த தாளை மூக்குக்கு நேராகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "கலரெல்லாம் சோக்காத்தான் இருக்கு தாயி. ஆனா ஒத்த மிளகாயத்தான இருவது மட்டம் தொங்க விட்டிருக்க, காயிக்கும் பழத்துக்கும் வேற ஒரு வித்தியாசமும் காணுமே?"

புத்தகத்தில் குறை இல்லை

புத்தகம் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்து, அடுத்த தை மாதம் நான் பள்ளி பள்ளியாகக் கருத்துக் கேட்கக் கிளம்பினேன். கருத்து என்பதைப் பாராட்டு என்று படித்துக்கொள்ளுங்கள். புதூர்ப் பக்கம் ஒரு சின்ன நர்சரி பள்ளி. பொறுப்பாளர் அம்மாவைப் பிள்ளைகள் 'பெரிய மிஸ்' என்பார்கள். அவர் என் புத்தகத்தை வானளாவப் புகழ்ந்துவிட்டு, "ஒரே ஒருத்தனுக்குத்தான் ஏற மாட்டேங்குது, நீங்களே பாருங்க" என்று ஒரு பையனைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்தார். பெயர் காளிராஜ். வயது ஆறு. யு.கே.ஜி.யில் இது இரண்டாவது வருஷம். அவன் புத்தகத்தைப் புரட்டினேன். மரத்தின் தண்டுக்குப் பச்சை, இலைக்குப் பழுப்பு. பக்கத்துக்குப் பக்கம் பெருக்கல் குறி.

பதினான்காம் பக்கத்தை விரித்து வைத்து, "மொத்தம் எத்தனை மிளகாய்டா?" என்று கேட்டேன். "இருவது" என்றான், விரல்கூட வைக்காமல். "சிவப்பு எத்தனை?" இப்போது அவன் புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். "அஞ்சு... ஆறு... ஏழு..." என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தான். எட்டு வந்தபோது எனக்கே தெரியாமல் என் முகத்தில் ஏதோ அசைந்திருக்க வேண்டும். "எட்டு!" என்று அழுத்திச் சொன்னான். "எந்த எட்டு, தொட்டுக் காட்டு" என்றதும் அவன் கை மேசைக்குக் கீழே போய்விட்டது. ஒரு ஆறு வயதுப் பிள்ளை ஒரு முதுகலை மாணவியின் முகத்தை எழுத்துக்கூட்டாமல் படித்துவிட்டான் என்பது எனக்கு உறைக்கவில்லை. பாவம், படிப்பு வராத பிள்ளை போலிருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். முழுப் பரீட்சையிலும் இதே கதை என்றால் மூன்றாவது வருஷமும் இதே பெஞ்சு, இல்லையென்றால் 'மெதுவாகக் கற்பவர்' என்று எழுதி டி.சி. கொடுத்து அனுப்ப வேண்டியதுதான் என்று பெரிய மிஸ் அவன் காதுபடவே சொன்னார். பிறகு என் மனம் நோகக் கூடாதே என்று சேர்த்துக்கொண்டார்: "உங்க புக்குல ஒரு குறையும் இல்லம்மா, மத்த இருவத்தஞ்சு புள்ளைங்களும் போடுதுல்ல, குறையெல்லாம் இவன் மண்டையிலதான்."

விரலுக்குத் தெரிந்தது

வாசலில் அவன் அம்மா மாரித்தாய் பிள்ளையைக் கூட்டிப்போக நின்றுகொண்டிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் இருக்கலாம். "இவங்கதான் அந்தப் புக்கப் போட்டவங்க" என்று பெரிய மிஸ் அறிமுகம் செய்த மறு நிமிஷம் என் மணிக்கட்டு அவர் கையில் இருந்தது. "நீங்கதானா அது? வாங்க எங்கூட." விடுவதாக இல்லை. பள்ளிக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் அவர்களுடைய மிளகாய்க் காடு. வெடித்துக் கிடந்த கரிசலில் என் செருப்பு இரண்டு தடவை மாட்டிக்கொண்டது. குண்டு மிளகாய் பழுத்துக் கிடந்தது. காளிராஜ் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, சீருடைச் சட்டையை மடிபோல் கட்டிக்கொண்டு ஒரு வரிசையில் இறங்கிவிட்டான். "ஏலே, சட்டையில கறை ஆக்காத!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அம்மா என்னிடம் திரும்பினார். "இவன் மடியில ஒரு பச்சக் காயி இருந்தா எடுத்துக் காட்டுங்க தங்கச்சி. இன்னையோட பள்ளிக்கூடத்தவிட்டு நிறுத்திருதேன்."

மடியைத் தரையில் கொட்டச் சொல்லிக் கிளறிப் பார்த்தேன். எல்லாம் பழம். ஒரு பச்சை இல்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சிவப்பு தெரிகிற பையன் வகுப்பில் நடிக்கிறானா? அதையும் வாய்விட்டுக் கேட்டேன், வாதாடினேன். அவன் அடுத்த வரிசைக்குப் போனான். அப்போதுதான் கவனித்தேன். அவன் கண் செடியிலேயே இல்லை, வரப்பில் தலையாட்டிக்கொண்டிருந்த ஓணானில் இருந்தது. கை மட்டும் இலைக்குள் போய், கட்டைவிரல் ஒவ்வொரு மிளகாயையும் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, சிலவற்றை ஒடித்தது, சிலவற்றை விட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு அதேபோல் பத்து பறித்துப் பார்த்தேன். ஆறு பச்சை. வெயிலில் அந்த வரிசை முடிகிறவரை அவன் பின்னாலேயே வாய் பேசாமல் நடந்தேன். நான் வாய் பேசாமல் நடப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் தோழிகளைக் கேளுங்கள். கடைசியில், "எப்படிடா கண்டுபிடிக்கிறே?" என்றேன். என்னை இரக்கத்தோடு பார்த்தான். "பழம்னா அமுங்கும், காயின்னா வெறைக்கும். உங்க புக்குல இருக்கிறதத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன், எல்லாமே தாளாத்தான்க்கா இருக்கு."

மாமனும் மருமகனும்

அதன் பிறகு சந்தேகம் தட்டி, அடுத்த சனிக்கிழமை நானும் மாரித்தாய் அக்காவும் அவனைக் கோவில்பட்டியில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். துணைக்கு அக்காவின் தம்பி கருப்பசாமியும் வந்திருந்தார். புதூர்ச் சுற்று வட்டாரத்தில் மூன்று நான்கு வீட்டு ஆடுகளைச் சேர்த்து மேய்க்கிறவர். டாக்டர், புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கிற அட்டைகளைக் காட்டினார். எனக்கு எண்கள் வெளிச்சமாகத் தெரிந்தன. காளிராஜ், "புள்ளி" என்றான். அடுத்த அட்டைக்கும் "புள்ளி." டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டியதும் தாய்மாமனுக்குப் பொறுக்கவில்லை. "புள்ள சரியாத்தான சொல்லுதான்? வெறும் புள்ளிதான இருக்கு, இதுல நம்பரு எங்க இருக்கு?" என்று எழுந்து வந்தார். டாக்டர் அட்டையை மெதுவாக மாமன் பக்கம் திருப்பினார்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டுகிற அமைப்பு இரண்டு பேர் கண்ணிலும் இல்லை, இது நோயும் இல்லை, மருந்தும் இல்லை, பயப்படவும் ஒன்றும் இல்லை, பெரும்பாலும் தாய்வழியில் ஆண் பிள்ளைகளுக்கு வருவது என்றார் டாக்டர். தாய்வழி என்ற சொல்லைக் கேட்டதும் மாரித்தாய் அக்காவின் முகம் சுருங்கியது. இதற்குத் தமிழில் 'நிறக்குருடு' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்களே, வைத்தவரைப் புதூருக்குக் கூட்டி வந்து நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆத்திரம். வரும் வழியில் மாமன் சொன்னதைக் கேட்டபோதோ ஆத்திரமெல்லாம் இறங்கி மலைப்புதான் மிஞ்சியது. எந்த வீட்டு ஆடு என்று தெரிவதற்காக முதுகில் சிவப்பும் பச்சையுமாகப் பெயின்ட் பூசியிருப்பார்கள். அவர் பெயின்ட்டை ஒருநாளும் பார்த்ததே இல்லையாம். நடை, செருமல், காது மடக்கு, எந்த ஆடு எதன் பின்னால் போகும் என்பதை வைத்தே அறுபது ஆட்டையும் சாயங்காலம் வீடு வீடாகப் பிரித்து விடுகிறார். ஒன்றுகூட மாறியதில்லை. ஊர் முழுக்க அவர் பெயின்ட்டைப் பார்த்துத்தான் பிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தது. பஸ் எட்டயபுரம் தாண்டியதும் மாமன் ஜன்னலோரத்திலிருந்து என் பக்கம் திரும்பினார். "அப்ப செவப்புன்னு ஒன்னு நெசமாவே இருக்கா? நீங்க எல்லாரும் பேசி வச்சிக்கிட்டுச் சும்மா சொல்லுதீங்கன்னுல்லா இத்தன நாளா நெனச்சேன்!"

எல்லாருக்கும் ஒரே பேப்பர்

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு பெரிய மிஸ்ஸிடம் போய் ஒரு மணி நேரம் வாதாடினேன். காளிராஜுக்குக் கேள்வித்தாளை மாற்றுங்கள், நிறம் கேட்காதீர்கள், வடிவம் கேளுங்கள் என்றேன். அவர் மோசமான ஆள் இல்லை, தண்ணீர் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டார். ஆனால் பேப்பர் எல்லாம் தயாராகிவிட்டது, ஒரு பிள்ளைக்கு ஒரு பேப்பர், மற்றவர்களுக்கு ஒரு பேப்பர் என்றால் மற்ற பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்றார். "எல்லாரையும் போல எழுதிப் பாஸ் பண்ணட்டும், ஒண்ணாப்புக்கு அனுப்பிருதேன்." அரசுப் பள்ளியில் சேர்த்துவிடலாமே என்று மாரித்தாய் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "அங்க சேக்குறதுல எனக்கு ஒன்னும் இல்ல. 'இவனுக்கு ஏறாது'ன்னு எழுதின தாளக் கையில பிடிச்சிக்கிட்டா போவச் சொல்லுதீங்க?" என்றார்.

பரீட்சை அன்று வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே நானும் அவரும் நின்றோம். கம்பி வழியே கேள்வித்தாளை எட்டிப் பார்த்தேன். பதினான்காம் பக்கம்! அதுவும் ஜெராக்ஸ்! ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு முழுப் பரீட்சைக்குக் கறுப்பு வெள்ளையில் நகல் எடுப்பதுதான் இங்கே வழக்கமாம். மற்றத் தேர்வுகளுக்கு வாயால் கேட்டுவிடுவார்கள் என்பதால் இதுவரை யாருக்கும் தெரியவில்லை. நான் ஒரு வாரம் தொண்டை வற்ற வாதாடி வாங்கிய நான்கு வண்ணம், நகல் இயந்திரத்துக்குள் போய்ச் சாம்பலாகியிருந்தது. கண்ணுக்கு ஒரே அளவு பளிச்சென்று நான் வைத்த இரண்டும் அந்த இயந்திரத்துக்கு ஒரே அளவாகத் தெரியவில்லை போலிருக்கிறது: என் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பு, என் பச்சை வெளிறிய சாம்பல். உள்ளே இருபத்தைந்து பென்சில்கள் அந்தரத்தில் நின்றன. "மிஸ், செவப்பக் காணும்." "மிஸ், என்னதுல பச்சையும் இல்ல." ஒரு பிள்ளை அழ ஆரம்பித்து, அது பெஞ்சு பெஞ்சாகப் பரவியது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த காளிராஜ் மட்டும் குனிந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு வட்டம். எட்டும் சரியான எட்டு. என் கண்ணை நானே நம்பவில்லை. மற்றப் பிள்ளைகள் இல்லாத ஒரு நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இவன் பிறந்ததிலிருந்து அந்த நிறத்தைத் தேடியதே இல்லை. மற்றதைப்போல் இல்லாதது எது என்றுதான் எப்போதும் தேடியிருக்கிறான். என் அழகான புத்தகம் அதைக்கூட அவனுக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தது, மங்கலான ஜெராக்ஸ் தாள் காட்டிவிட்டது. அவனுக்குப் பழம் என்றால் எப்போதுமே கொஞ்சம் கறுத்துத்தான் தெரியுமாம், பிறகு சொன்னான். முன் பெஞ்சில் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி எட்டி அவன் தாளைப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று பெருங்குரலில் முறையிட்டாள்: "மிஸ், காளிராஜுக்கு மட்டும் கலர் பேப்பர் குடுத்துட்டீங்க!"

பொறுக்கி எடுத்த செடி

பெரிய மிஸ் இருபத்தாறு தாள்களையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் பெரிய வாதம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன், அதற்கு வேலையே வரவில்லை. எல்லாரையும் போல எழுதிப் பாஸ் பண்ணட்டும் என்றவர் அவர்தான், மற்ற யாரும் எழுதாததை எழுதியவன் இவன். மதிப்பெண் அட்டையில் 'ஒன்றாம் வகுப்புக்குத் தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாரித்தாய் அக்கா அந்த அட்டையை வாங்கிப் படித்தார், மடிக்கவில்லை, வழியில் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி விரித்துப் பிடித்தபடியே வீட்டுக்குப் போனார். அடுத்த வருஷப் புத்தகத்தில் சிவப்பு, பச்சைக் கேள்வியே வேண்டாம் என்று பெரிய மிஸ் என்னிடம் சொன்னபோது மட்டும் மறுபடி சண்டை பிடித்தேன். அதெப்படி? சிவப்பு என்ற சொல்லை அவனிடமிருந்து பிடுங்க நாம் யார்? சொல் இருக்கட்டும். பிடித்துக்கொள்ள இன்னொரு கைப்பிடியும் அவனுக்கு வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணாச்சி ஒரு விதி போட்டார். எந்தப் பக்கமானாலும் முதலில் கறுப்பு மைக்கான அச்சுத் தகடு மட்டும் ஏற்றி ஒரு தாள் ஓட்டுவது. கறுப்பிலேயே பதில் எழுத முடிந்தால்தான் மற்ற மூன்று நிறமும் ஏறும். 'நான் அன்னைக்கே சொன்னேன்ல' என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாரித்தாய் அக்காவின் காட்டில் உட்கார்ந்து இருபது மிளகாயையும் தனித்தனியாக வரைந்தேன். பழத்துக்குத் தோல் தளர்ந்து சுருக்கம், காய்க்கு விறைப்பும் மினுக்கமும், ஒவ்வொரு நிறத்துக்கும் அருகில் அதன் பெயர். ஜூனில் பள்ளி திறந்ததும், மை காயாத தாளோடு ஒன்றாம் வகுப்புக்குப் போய்க் காளிராஜிடம் நீட்டினேன். எட்டு வட்டம், எண்ணி முடிப்பதற்குள் போட்டுவிட்டான். ஆனால் தாளைத் திருப்பித் தரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு செடியை மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை பார்த்தான். "யக்கா, இருவது காயி இருக்கு, ஒரு சொத்தையக்கூடக் காணுமே, யாரு பொறுக்கி எடுத்தா?"

ஆக, அன்பார்ந்த சக பாவிகளே, என்னோடு வாதாடாமலே என்னைத் தோற்கடித்த ஒரே ஆள் இப்போது ஒன்றாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், நான் இருபத்தோராவது மிளகாயைச் சொத்தையாக வரைந்துகொண்டிருக்கிறேன்.